கரையாதவன்

செப்டம்பர் 9, 1991, திங்கள்

காயப் போட்ட அத்திப்பழங்களைத் திருப்பிப் போடும் நாள். மொட்டைமாடி முழுக்கக் குளவி. கையில் இரண்டு கொட்டு வாங்கினேன்.

நாத்தனார் மரூசோ வந்தாள். வந்தாள் என்றால் முற்றத்தைத் தாண்டினாள், அவ்வளவுதான். அவள் வாசலுக்கும் என் வாசலுக்கும் பத்தடி. ஒரு பழத்தை எடுத்துக் கடித்து, "புழு" என்று துப்பிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மூணு வருஷம் முடிஞ்சுபோச்சு. இருபத்தொண்ணாந் தேதி சனிக்கிழமை தம்பிய எடுத்துரலாம். வெட்டியான் பந்தெலிஸ்கிட்ட சொல்லிட்டேன். நீ ஒயின் கொண்டா. நல்லதா கொண்டா, வினிகரத் தூக்கிட்டு வந்து நிக்காத."

எங்கள் தீவில் கல்லறைத் தோட்டம் கையகலம். மூன்று வருஷம் மண்ணில் கிடந்தவர்களை எடுத்து, எலும்பை ஒயினில் கழுவிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். என் புருஷன் யகூமிஸின் முறை வந்துவிட்டது. சரி அண்ணி என்றேன்.

இரவு மேலே படுத்தேன். அவன் செத்த நாளிலிருந்து எனக்கு மாடியில்தான் படுக்கை. மழை கொட்டினால் மட்டும் கீழே. பதினோரு படி ஏறினால் போதும், குளவியும் மரூசோவும் புழுவும் கீழேயே நின்றுவிடுகிறார்கள். தலைக்கு மேலே அந்த வெள்ளை நட்சத்திர ஆறு, நாங்கள் யோர்தான் என்று சொல்வது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடிக்கொண்டிருந்தது. கொட்டு வாங்கிய இடம் வலித்தது, பிறகு வலிக்கவில்லை.

செப்டம்பர் 12

ஒயின் வாங்கியாகிவிட்டது. நல்ல சிவப்பு ஒயின். அவனுக்கு இது அதிகம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

செப்டம்பர் 21, சனி

எப்படி எழுதுவது.

காலை ஏழு மணிக்குப் பந்தெலிஸ் மண்வெட்டியை வைத்தான். சுற்றிலும் பதினைந்து பெண்கள். பேக்கரி ஃப்ரோசோ முன்வரிசையில். மரூசோ புது வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லி மெல்ல ஒப்பாரி வைத்தபடி இருந்தாள். பலகை தட்டுப்பட்டது. அதை விலக்கியதும் பந்தெலிஸ் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

ஆள் அப்படியே இருந்தான். கறுத்து, சுருங்கி, ஆனால் ஆள்தான். கோட்டுப் பொத்தான், கன்னம், மீசை, எல்லாம் இருந்தது.

மரூசோ அலறினாள். அது எதிர்பார்த்ததுதான். குழியைப் பார்த்துக்கொண்டிருந்த பதினைந்து தலையும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

மண்ணில் உடம்பு கரையவில்லை என்றால் இங்கே இரண்டே காரணம். செத்தவன் பெரும்பாவி, இல்லையென்றால் உயிரோடு இருக்கும் யாரோ ஒருவரின் மனக்குறை அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. யகூமிஸ் முப்பது வருஷம் கோயிலில் பாடியவன். பெரிய வெள்ளிக்கிழமை அவன் குரல் எடுத்தால் மீன்பிடிக்கிறவர்கள் கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவன் பாவியாக இருக்க முடியாது. ஆகவே நான்.

திரும்ப மூடிவிட்டார்கள். கொண்டுபோன ஒயினை வீட்டுக்குத் தூக்கி வந்து மாடியில் உட்கார்ந்து நானே பாதியைக் குடித்தேன். நிலா பெரிது, நட்சத்திரம் குறைவு. இருந்தவற்றை எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தபோது நெஞ்சு படபடப்பு அடங்கியது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பந்தெலிஸ் வேலியோரம் நின்று ரகசியமாகப் பேசினான்.

"அக்கா, அது களிமண்ணுக்கா. போதாக்குறைக்கு பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் விரிச்சிருந்துச்சு. கடைசில ஆசுபத்திரில எம்புட்டு மருந்து ஏத்துனாங்க? அவரு ஊறுகா மாதிரி கெடக்காரு. விடுங்க, தானா கரைவாரு."

"இத நேத்து அங்க சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா அந்தப் பொம்பளைங்க என்னையத் தூக்கி உள்ள போட்டு மூடிருவாங்க."

செப்டம்பர் 26, வியாழன்

பாதிரியார் ஸ்தெலியோஸ் வந்தார். காபி கொடுத்தேன். அத்திப்பழத் தட்டு காலியாகும் வரை காற்றைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேசினார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு சொம்பு தண்ணி, ஒரு பிடி உப்பு. கல்லறைல போயி நின்னு, 'இந்த உப்பு கரையிற மாதிரி என் மனக்கொறையும் கரையட்டும், அவரும் கரையட்டும்'னு சொல்லி ஊத்திரும்மா. பெரியவங்க காலத்து வழக்கம். அஞ்சு நிமிஷ வேல."

"உப்பா, சாமி?"

"உப்புதான்."

சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம், கொண்டைக்கடலை சூப்பில் உப்பு தூக்கலாகிவிட்டது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். உயிரோடு இருந்தவரை அவர்; இந்த நோட்டில் அவன். கத்தவில்லை. முழங்கையைப் பிடித்து என்னை வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அது நவம்பர் மாதம். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம், மாதத்தில் ஐந்தாறு இரவு. அடியும் உண்டு. அடி பழகிவிட்டது, தாழ்ப்பாள் சத்தம் மட்டும் கடைசி வரை பழகவில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் வெளியேதான்.

முதல் இரவு பத்தடி நடந்து மரூசோவின் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது. நான் தட்டத் தட்ட ரேடியோவின் சத்தம் கூடிக்கொண்டே போனது.

வேறு எங்கே போவது? மாடிப்படி வெளியே இருந்தது. ஏறினேன். அவன் குறட்டைக்கு நேர் மேலே படுத்தேன். எனக்கு வானம் கிடைத்தது அப்படித்தான். கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கூட்டம் இருக்கிறதே, பூலியா, அந்த மாதம் அது உச்சிக்கு வந்தால் நள்ளிரவு. மலைப்பக்கம் சாய்ந்தால் இன்னும் கொஞ்ச நேரம்தான், அவன் எழுந்து கோயிலுக்குப் போகக் கதவைத் திறப்பான். கடிகாரம் பார்க்கத் தெரிந்ததை விட எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"முடியாது சாமி" என்றேன்.

செப்டம்பர் 30

"ரொட்டி தீந்துபோச்சுக்கா" என்றாள் ஃப்ரோசோ. அவள் முதுகுக்குப் பின்னால் இருபது ரொட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபர் 7, திங்கள்

இன்று யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடியில் நான் போனதும் எல்லாருக்கும் வீட்டில் வேலை நினைவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் என் பின்னாலேயே வந்து, "உப்புக்காரி, உப்புக்காரி" என்று கத்தினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு ஏழரைக்கே மேலே ஏறிவிட்டேன்.

அமாவாசை. எத்தனை நட்சத்திரம்! யாரோ வாரிக் கொட்டிவிட்டுப் பொறுக்க மறந்துபோன மாதிரி. கடல் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. நீ என்ன செய்து அவனைக் கோபப்படுத்தினாய் என்று இதுநாள் வரை என்னைக் கேட்காதது இந்த வானம் ஒன்றுதான். என்னைப் பெற்றவள் கூடக் கேட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் கேட்டார். இது கேட்கவில்லை. நான் இங்கே வந்து அழுதிருக்கிறேன், பாடியிருக்கிறேன், பிரசவ வலி கண்டது கூட இங்கேதான்.

நிம்மதியாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு மறந்துபோகும்.

அக்டோபர் 13, ஞாயிறு

பிரேயஸ் நகரத்திலிருந்து மகள் ரினியோ போன் செய்தாள்.

"சொல்லித் தொலைச்சிரேன்மா. வெறும் வார்த்ததான? இங்க என் மாமியார் காது வரைக்கும் சேதி வந்துருச்சு. மானம் போகுது."

"உனக்கு ஞாபகம் இல்லையாடி?"

"எது?"

"தாழ்ப்பாள்."

"நான் தூங்கிட்டிருந்திருப்பேன்மா" என்றாள்.

ஏழு வயதில் ஜன்னல் கம்பி வழியாக எனக்குப் போர்வையைத் தள்ளியவள் இவள். ஒரு முனை கம்பியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து அவள் தள்ள, வெளியேயிருந்து நான் இழுக்க, இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். இப்போது தூங்கிட்டிருந்தாளாம். அடிப்பாவி.

அக்டோபர் 27, ஞாயிறு

மரூசோ வந்தாள். முதலில் அதிகாரம்.

"எந்தம்பி உப்பத் தின்னுட்டு அவனுக்கே குழி பறிக்கிறியேடி!"

"குழி பறிச்சது பந்தெலிஸ், அண்ணி. நான் சும்மாதான் நின்னேன்."

பிறகு அழுகை. பிறகு, எழுபது வயதுக்காரி, என் வாசல் கல்லில் மண்டியிட்டுவிட்டாள். "ராத்திரி கண்ண மூடுனா அந்த மீசைதான் தெரியுது. அவன் மூச்சு முட்டிக் கெடக்கான்டி. விட்டுரு அவன. ஒனக்கு என்ன வேணும், சொல்லு. தோட்டத்த எழுதி வாங்கிக்கோ."

எனக்கு என்ன வேண்டும்? இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆனால் பதில் தயாராக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

"ஆத்துமாக்கள் சனிக்கிழமை ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அவிச்ச கோதுமையோட கல்லறைக்கு வருவாங்கல்ல? அங்க வச்சு, அவங்க முன்னால சொல்லுங்க. 'அவன் இவள வெளிய தள்ளிப் பூட்டுனான். இவ என் கதவத் தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. நான் தெறக்கல.' அம்புட்டுதான். சொன்னீங்கன்னா ஊத்துறேன்."

எழுந்துவிட்டாள். முழங்கால் மண்ணைக் கூடத் தட்டவில்லை. "செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப அவரும் செத்தாலும் கரைய மாட்டாரு."

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பயமில்லை. சந்தோஷம். மறைக்காமல் எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. அடுப்பில் வைத்த சூப்பை இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

மரூசோ எண்ணெயை விட்டுவிட்டாள், மீனை விட்டுவிட்டாள். காய்ந்த ரொட்டியும் ஒலிவப்பழமும்தான் சாப்பாடாம். இருட்டியதும் விளக்கை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறாள். என் மாடியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. விளக்கு குன்றின் மேலே மெதுவாக ஏறும், நிற்கும், ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும், திரும்ப இறங்கும்.

மூன்று போர்வையைச் சுற்றிக்கொண்டு நானும் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுப் படுத்த பிறகுதான் உறைத்தது. வானத்து வேட்டைக்காரன் எழுந்துவிட்டானா, அவன் நாய் பின்னால் வந்துவிட்டதா, எதையும் நான் பார்க்கவில்லை. விளக்கை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன்.

நாளைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 6

விளக்கைத்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 29, 1992, ஆத்துமாக்கள் சனிக்கிழமை

சொல்லிவிட்டாள்.

நான் சொம்பில் தண்ணீரும் கைக்குட்டையில் உப்பும் கொண்டுபோயிருந்தேன். மரூசோ பாதியாகிப்போயிருந்தாள், கறுப்பு உடை தொளதொளவென்று தொங்கியது. பாதிரியார் செத்தவர்களின் பெயர்களை வாசித்துவிட்டுப் போனதும், தட்டுத் தட்டாகக் கோதுமையை வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கல்லறை மேல் இருந்த தம்பியின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் அவள வெளிய தள்ளிப் பூட்டுவான். இருவத்தாறு வருஷம். அவ என் கதவத் தட்டுனா. எனக்குக் கேட்டுச்சு. நான் ரேடியோவக் கூட்டி வச்சுக்கிட்டேன்."

நான் கேட்காத ரேடியோவையும் சேர்த்தே சொன்னாள். நியாயமாகச் சொல்ல வேண்டும்.

நான் பெண்களின் முகங்களைப் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தேன். யாராவது வாயைப் பொத்துவார்கள், யாராவது "ஐயோ" என்பார்கள், ஒருத்தியாவது என் பக்கம் வருவாள் என்று. ஒருவரும் அசையவில்லை. ஃப்ரோசோ தன் தட்டிலிருந்த ஒரு மாதுளை முத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியே:

"இது ஊருக்கே தெரிஞ்சதுதான. இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

ஊருக்கே தெரியும். எல்லாருக்கும் தெரியும். நான் சுவரோரமாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாதே கேட்கக் கூடாதேன்னு பூனை மாதிரி படியேறினேனே — அம்புட்டு ராத்திரியும் எல்லாவளும் ஜன்னலுக்குப் பின்னால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தாளுகளா? காலைல கிணத்தடில "என்ன லெமோனியா, கண்ணு செவந்திருக்கு?"ன்னு கேட்டாளுகளே!

"சொல்லிட்டேன்ல" என்றாள் மரூசோ. "ஊத்துடி."

உப்பைத் தண்ணீரில் போட்டேன். போட்டது உண்மை. கரைந்தது கூட. ஆனால் கையைச் சாய்க்க முடியவில்லை. சொம்போடு திரும்பி நடந்தேன். பின்னால் அவள், "சொல்லிட்டேனே! நான்தான் சொல்லிட்டேனே!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீரைக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன்.

மார்ச் 1

கொடுத்த வாக்கை மீறியது இதுதான் முதல் தடவை. இரவு முழுக்க மேகம்.

ஆகஸ்ட் 27, வியாழன்

ஆறு மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை. என்ன எழுதுவது?

மரூசோ இப்போது கல்லறைக்குப் போவதில்லை. குன்று ஏற மூச்சு இல்லை. அதற்குப் பதிலாக என் வீட்டுக்கு வருகிறாள். ஊர் அடங்கியதும் பத்தடி நடந்து வந்து கதவைத் தட்டுகிறாள். வேகமாக இல்லை. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு.

"லெமோனியா. முழிச்சிருக்கியா? லெமோனியா, ஒரு பிடி உப்புடி."

நான் மேலேதான் படுத்திருக்கிறேன். அவளுக்கும் தெரியும், நிமிர்ந்து பார்த்துத்தான் பேசுகிறாள். இன்றும் வந்தாள். நான் யோர்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். அவள் தட்டத் தட்ட இன்னும் கவனமாக எண்ணினேன். இருநூறைத் தாண்டியபோது கீழே சத்தம் நின்றுவிட்டது. செருப்பை இழுத்துக்கொண்டு போகும் சத்தம், அப்புறம் அவள் கதவு.

அவளுக்கு ரேடியோ இருந்தது. எனக்கு வானம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம் போலிருக்கிறது.

நாளைக்கு ஊற்றிவிடலாமா? ஒரு பிடி உப்பு. என்ன குறைந்துவிடும்?

ஆகஸ்ட் 28

ஊற்றவில்லை. தட்டினாள்.

நவம்பர் 22, ஞாயிறு

நேற்று தட்டவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். கதவு சாத்தியே இல்லை, தள்ளியதும் திறந்துகொண்டது. கட்டிலில் இருந்தாள். உடம்பு ஆறிப்போயிருந்தது. கண்ணை நான்தான் மூடினேன்.

நவம்பர் 23, திங்கள்

குடும்பத்துக்கு ஒரே குழி. அவளை வைக்க வேண்டுமென்றால் அவனை எடுக்க வேண்டும். விடிகாலையில் பந்தெலிஸ் தோண்டினான். பெண்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை, தேவாலயச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் மட்டும் குழியோரம்.

"அக்கா" என்றான். "வாங்க, பாருங்க."

எலும்பு. சுத்தமான எலும்பு. தேன்மெழுகு மாதிரி மஞ்சள். ஒரு துணுக்குச் சதை இல்லை, மீசை இல்லை. இங்கே எல்லாரும் தங்கள் ஆளுக்கு வேண்டிக்கொள்ளும் எலும்பு.

"எப்படா?" என்றேன்.

"அன்னைக்குப் பெட்டிய ஒடச்சு பிளாஸ்டிக்க எடுத்துட்டுத்தானே மூடுனேன். பங்குனி மழ வேற ஊத்துச்சு. கோடைக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கும்."

கோடைக்கு முன்னாலேயே. அப்படியென்றால் ஆகஸ்டில் அவள் வந்து தட்டியபோது இவன் கரைந்து முடித்துச் சும்மா கிடந்திருக்கிறான். அவள் எதற்காகத் தட்டினாள்? நான் எதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்? அவன் என்னைக் கேட்டுக் கரையவில்லை. உயிரோடிருந்தபோதும் அவன் என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை.

கழுவ ஊரில் வேறு பெண் உறவு இல்லை. நானே கழுவினேன். தலை, நெஞ்சு, கால். கை எலும்பு ஒவ்வொன்றாக. தாழ்ப்பாள் போட்ட விரல் எது என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஒயின் விரலிடுக்கில் பிசுபிசுத்தது.

பத்து மணிக்கு மரூசோவை வைத்தார்கள். காதோடு சொல்லலாம் என்று குனிந்தேன், கரைஞ்சிட்டான் அண்ணி என்று. பாதிரியார் பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை.

நவம்பர் 28, சனி

ஃப்ரோசோ வந்தாள். துணியில் சுற்றிய ரொட்டி. நான் கடைக்குப் போகாமலேயே வீடு தேடி வந்த ரொட்டி.

"ஊரே ஒங்களப் பத்தித்தான்க்கா பேசுது. யாருக்கும் தெரியாமப் போயி ஊத்திட்டு வந்திருக்கீங்க, வாயத் தெறக்கலையே! அதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும். மரூசோ அக்காகிட்ட மட்டுமாவது சொல்லியிருப்பீங்கல்ல? அதான் அவங்க முகம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். ரொட்டி சூடாக இருந்தது.

"ஒக்காரு ஃப்ரோசோ, காபி போடுறேன்" என்றேன்.

உட்கார்ந்தாள். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த மெத்தையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாடிலேர்ந்து எறக்கிட்டீங்க?" என்றாள்.

"குளிரு வந்துருச்சு."

"ஆமாக்கா, இந்த வருஷம் சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.